ரயிலேறாத லோக்நாத்

மார்ச் 6, 2025

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியின் தொழிலாளர் குடியிருப்பில் காசநோய் முகாம். தகரக் கொட்டகைகள், அறைக்குப் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். வீட்டில் உருது பேசிப் பழகியதால் இந்தி வரும்; கேள்வி கேட்பது எப்போதும் என் வேலை. கூட வேலை பார்க்கும் எழில் எக்ஸ்ரே எடுத்தான். எண்பத்து மூன்று பேரில் நான்கு பேருக்குச் சந்தேகம். சளி வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

மார்ச் 8

ஒருவருக்கு உறுதி. லோக்நாத், இருபத்தாறு வயது, ஒடிசாக்காரன்.

மார்ச் 10

மாத்திரையோடு போனேன். எல்லாரும் சாப்பாட்டு வரிசையில். இன்னும் மூன்று இடம் போகவேண்டிய அவசரம். லோக்நாத் யார், டிபி இருக்கிறது, வாங்க என்று இந்தியில் உரக்கக் கூப்பிட்டேன். முன்னும் பின்னும் நின்றவர்கள் அவனைவிட்டு விலகினார்கள். அவன் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். சாப்பிட்டதும் வாங்கிக்கொள்ளட்டும் என்று மாத்திரையை சூப்பர்வைசர் ஏசுபாதத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11

ஆள் இல்லை. மாத்திரை அப்படியே ஏசுபாதத்தின் மேசையில்.

"ஊருக்கு அனுப்பிட்டேம்மா. நாலு பேருக்கு ஒட்டிக்கிச்சுன்னா நான்தான பதில் சொல்லணும்?"

கெட்டவர் இல்லை. பயம். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் பரவுவது அடங்கிவிடும் என்று நேற்றே அவரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்ல. ஊரக் கூட்டி ஒருத்தன் சோத்துல மண்ணப் போட்டேன். நான்தான். வேற யாரும் இல்ல.

மார்ச் 12

அவன் போன் அணைந்தே கிடக்கிறது. ஒடிசா டிபி ஆபீசுக்குத் தகவல் கொடுத்தாச்சு, நம்ம வேலை முடிஞ்சுதுக்கா என்கிறான் எழில்.

முடியவில்லை.

மார்ச் 17

ஒடிசாவிலிருந்து பதில்: ஊருக்கு வந்து சேரவில்லை.

மார்ச் 19

அவன் அறையில் இருந்த பையனிடம் மூன்றாவது தடவை கேட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து சொன்னான். தாம்பரத்தில் இறக்கிவிட்டார்களாம், ரயில் ஏறவே இல்லையாம். ஊரப்பாக்கத்தில் கட்டட வேலை.

மார்ச் 20

ஊரப்பாக்கத்தில் ஏழாவது கட்டடத்தில் கிடைத்தான். மணல் சலித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. இரண்டு வருஷத் தமிழில் மெதுவாகக் கேட்டான்:

"அக்கா, இங்கயும் சொல்லுவியா?"

மாட்டேன் என்றேன். செய்தது தப்பு என்றும் சொன்னேன். மறுபடி சலிக்க ஆரம்பித்தான். டீக்கடையில் காத்திருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றரை மணி நேரம். வந்தான். முதல் வேளையை என் எதிரில் விழுங்கினான்.

மார்ச் 27

மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. இருமல் அப்படியேதான். ஆறு மாதம் சாப்பிடவேண்டும் என்றதும் வானத்தைப் பார்க்கிறான்.

ஏப்ரல் 3

வேறொரு குடியிருப்பில் முகாம். யாருக்கு இருக்கிறது என்று பிறகு பட்டியல் கொடுப்பதாக ஒத்துக்கொண்டால்தான் உள்ளே விடுவேன் என்றார் அங்கிருந்த மேனேஜர். கொடுக்க மாட்டேன் என்றேன். வாசலிலேயே இரண்டு மணி நேரம் நின்றோம். விட்டார். முடிவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் சொல்லப்போகிறேன். நாள் ஆனால் ஆகட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் லோக்நாத் போன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னான். மருந்து தீர்ந்துவிட்டதோ என்று ஓடினேன். பிளாட்பாரக் கடைசியில் இப்போது அவனோடு அறையில் தங்கியிருக்கும் ஐந்து பேரோடு நின்றிருந்தான். இரண்டு பேருக்கு இருமல். தனக்கு இருப்பதை அவனே சொல்லிவிட்டானாம்.

பையிலிருந்த சளி டப்பாக்களை எடுத்தேன். சளியை எப்படி எடுப்பது என்று வாய் திறப்பதற்குள் ஒடியாவில் அவன் விளக்கத் தொடங்கினான். நான் டப்பாக்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.