ஸ்டீல் கரண்டி

மார்ச் 3
எங்கள் ஆய்வகக் கடைக்குட்டியின் கோபால்ட் சேர்மம் அறை வெப்பநிலையிலேயே காந்தமாக நிற்கிறதாம். என்னுடையதைத் திரவ ஹீலியக் குளிருக்குக் கொண்டுபோனால்தான் ஏதோ கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இங்கே நான் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அவள் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

"நம்ம மானத்தக் காப்பாத்திட்டா" என்றார் பேராசிரியர். நானும் கைதட்டினேன்.

மார்ச் 4
மே மாநாட்டில் எங்கள் குழுவுக்கு ஒரே ஓர் உரை. எனக்குத்தான் என்று போன வருடமே சொல்லியிருந்தார். இன்று பலகையில் அவள் பெயர். வீட்டில் குக்கரை டமாலென்று வைத்தேன். "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 9
இன்று பார்த்துவிட்டேன்! அவள் படிகங்களை ஸ்டீல் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் குழாயில் போடுகிறாள். "கட்டியா இருக்குக்கா, பிளாஸ்டிக் வளையுது."

அடிப்பாவி. ஸ்டீலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உதிர்ந்தால் போதும், கருவி அந்த இரும்பின் காந்தத்தைத்தான் காட்டும். வாயைத் திறக்கவில்லை. மாநாட்டில் எவராவது கேட்கட்டும். நாறட்டும்.

மார்ச் 10
நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 13
சந்தேகம் தீர வேண்டுமே. கரண்டி படாத படிகம் கொஞ்சம் கேட்டேன். "எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோங்கக்கா" என்று குப்பியையே நீட்டினாள். பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து அளந்தேன். அறை வெப்பநிலையில் காந்தமும் இல்லை, மண்ணும் இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

குளிர வைத்தேன். அந்த அறை வெப்பநிலைக் கூத்தில் இதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. என்னுடையது மூன்று கெல்வினுக்குச் சூடேறினாலே காந்தத்தைக் கைவிட்டுவிடும். அவளுடையது முப்பதிலும் விடவில்லை. பொய் போன பிறகும் அவள்தான் ஜெயிக்கிறாளா? எனக்கு மட்டும் ஏன் இப்படி?

மார்ச் 14
சொல்ல மாட்டேன்.

மார்ச் 16
சொல்லாவிட்டால் மாநாட்டில் அவள் கதை முடிந்தது. அந்த நல்ல சேர்மத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். போடட்டுமே— எனக்கென்ன?

"சொல்லாம இருந்தா உனக்கு என்ன கெடைக்கும்?" வீட்டுக்காரர்.
"நிம்மதி."
"அதான் பாக்குறனே. மூணு நாளா ராத்திரியெல்லாம் புரண்டுட்டு இருக்க."

மார்ச் 17
சொல்லிவிட்டேன். அவள் அளந்தது, நான் அளந்தது என்று இரண்டு வரைபடங்களையும் அவள் முன்னால் வைத்தேன். தராசு அறையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க கண்டுபிடிச்சது. நீங்களே பேசுங்கக்கா" என்றாள்.

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. பொய் சொல்வானேன்.

"சேர்மம் உன்னுது. நீயே பேசு" என்றேன். வெளியே வந்த பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மே 21
பேசினாள். முதலிலேயே இரண்டு வரைபடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "இது என் தப்பு. கண்டுபிடிச்சது எங்க அக்கா" என்றாள். அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. வயிறு அப்போதும் எரிந்தது. ஆனாலும் அவள் இறங்கி வரும்வரை கைதட்டினேன்.

மே 25
கோபால்ட்டைச் சுற்றி அவள் கட்டியிருக்கும் மூலக்கூறோடு என்னுடையதையும் கோத்தால் என்ன ஆகும் என்று அவளிடம் கேட்டேன். நாளைக் காலை இரண்டு பேருமாக ஆரம்பிக்கிறோம். கரண்டி மட்டும் என் கையில்தான் இருக்கும்.