என் பக்கம் திரும்பிய ஹெலிகாப்டர்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க இருமல் நின்னுதா? நம்ம பாப்பா ஒழுங்கா சாப்பிடறாளா? போன்ல சொன்னா என் குரல் காட்டிக்கொடுத்துடும், அதான் எழுதறேன்.

பாப்பா கேட்ட ரிமோட் ஹெலிகாப்டரை வாங்கிட்டேன். புதுசா ஓட்டறவங்களுக்கு ரெண்டடுக்கு விசிறி வச்ச சின்னதுதான் ஆடாம நிக்கும்னு கடைக்காரர் சொன்னார். அவளுக்குச் சொல்லித்தரணுமேன்னு ரெட்டியார்பாளையம் ஹாஸ்டல் மாடியில நானே பழகினேன். முதுகைக் காட்டிப் பறக்கறவரைக்கும் சொன்னபடி கேட்டுச்சு. திடீர்னு மூக்கை என் பக்கம் திருப்பிடுச்சு. தூரப் போகட்டும்னு ரிமோட்டுல இருக்கற குச்சியை முன்னால தள்ளினேன். திரும்பி நிக்கிறப்ப அதுக்கு முன்னால இருக்கறது நான்தானே, நேரா மூஞ்சிக்கே வந்துடுச்சு! புருவத்துல ரெண்டு தையல். கண்ணுக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப பாப்பாவைக் கிட்ட இழுத்தேன், பெத்தவ என்னை விட்டுட்டு அவ உங்க பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டா. அதை நீங்க மறந்திருப்பீங்க.

சனிக்கிழமை வர்றேன். பழைய தலையணை உறையைத் துவைச்சு வைங்க, கடையில வாங்கினது தையல்ல உறுத்துது. பஸ் ஸ்டாண்டுல பாப்பாவைப் பிடிச்சு என் பக்கம் திருப்பி விடாதீங்க மாமா. அவளாத் திரும்பட்டும். அதுவரைக்கும் நான் கையை நீட்டாம நிக்கிறேன்.

ஷிப்டுக்கு வண்டி வந்துடுச்சு.

உங்க நிர்மலா