அப்பால

ஷார்ஜா

அன்புள்ள இளவரசிக்கு,

இங்கே நான் சுகம். உன் இருமல் விட்டதா? அம்மாவின் கால்வீக்கம் வடிந்ததா?

போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். போன மாதம் கட்டடச் சாரத்தில் கால் வழுக்கிவிட்டது. அடி ஒன்றும் இல்லை, அதன்பிறகு ஏறத்தான் பயம். கம்பெனியில் என்னைப் போல் பயந்தவர்களைக் கூட்டி, கவுன்சிலிங் என்று சொல்லி விளையாட விட்டார்கள்.

என் கண்ணைக் கட்டினார்கள். மதுரைக்காரர் செல்லப்பாண்டி குரல் கொடுப்பார். அதை நம்பி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து எதிர்ச்சுவரைத் தொட வேண்டும். பாதியில் கால் நகரவில்லை. "அப்பால போறேண்ணே" என்றேன். நம் ஒலக்கூரில் அது 'பிறகு'. அவருக்கோ 'அந்தப் பக்கம்'.

"அப்படிப் போடு! வா, இன்னும் கொஞ்சம் அங்கிட்டு வா!" என்று கூவினார். அந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் நடந்தேன். கையில் சுவர் தட்டியது! விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் சாரத்தில் ஏறிவிட்டேன்.

திண்டிவனத்து விருத்தாசலம் அண்ணன் லீவு முடிந்து அடுத்த மாதம் வருகிறார். அவரிடம் வறுத்த மல்லாட்டையும் (செல்லப்பாண்டிக்கு அது கடலை) உன் பழைய தலையணை உறையும் கொடுத்தனுப்பு. இங்குள்ள உறை குத்துகிறது.

வேன் வந்துவிட்டது. "எப்ப வர்றீங்க?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "அப்பால" என்பேனே, இனி அதைச் செல்லப்பாண்டியின் காதால் கேட்டுக்கொள். பொங்கலுக்கு அந்தப் பக்கம் வர்றேன்.

உன்
பூவரசன்