மேலாளரின் மெயில் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் வலது கால்தான். மேலாளர் நாம்குங் எப்போதும் ஒரே இடத்தில்தான் உதைப்பார் – முழங்காலுக்குக் கீழே, எலும்பில், பூட்ஸின் இரும்பு மூக்கால். பட்டாளத்தில் கற்றது. கொரியாவின் ஆன்சான் நகரத்தில் இந்தத் தொழிற்சாலைக்கு வந்ததிலிருந்து என் காலில் பழைய காயம் ஆறுவதற்குள் புதுசு வந்துவிடுகிறது.

காரணம் அவருடைய மெயில் கோப்பு. பத்து வருஷத்து மெயில், கார் கம்பெனி அனுப்பிய வரைபடங்கள், எல்லாம் ஒரே கோப்பில் உப்பிக் கிடக்கின்றன. இன்னும் ஏறினால் புது மெயில் உள்ளே வராது என்று சொன்னேன். அவரே உட்கார்ந்து பாதியை அழித்தார். கோப்பு இம்மியும் குறையவில்லை. உதைத்தார். அழித்தால் மட்டும் இடம் காலியாகாது, மெயிலை மூடிவிட்டுக் கோப்பைச் சுருக்க வேண்டும், அரைநாள் ஆகலாம் என்றேன். இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான், இதைச் சொல்லத்தானே எனக்குச் சம்பளம்?

"மூடுறதா? கார் கம்பெனிக்காரனுக்கு உடனே பதில் போகலேன்னா ஆர்டரே போயிடும்டா. மூடாம சுருக்கு. நீயா என் கம்ப்யூட்டர்ல கைய வெச்சே, ரெண்டு காலையும் ஒடிச்சிடுவேன்."

மார்ச் 6

மூடாமல் சுருக்க வழியில்லை என்று மறுபடி சொன்னேன். இடது கால்.

மார்ச் 12, புதன்

எழுதாவிட்டால் தூங்க முடியாது.

காலையில் பெரிய வரைபடம் ஒன்று வந்து கோப்பை முழுசாக அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த மெயிலெல்லாம் திரும்பிப் போயின. அதில் ஒன்று தொக்சு அண்ணன் அனுப்பியது. தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டுகிறவர். பிரஸ் தானாக இறங்குகிறது, நிறுத்த அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மேலாளர் மெயிலில் சம்மதிக்காமல் இங்கே எந்த இயந்திரத்தையும் நிறுத்தக் கூடாது. மெயில் திரும்பி வந்ததும் தொக்சு அண்ணனே மாடிக்கு, மேலாளரிடம் வந்துவிட்டார்.

"வாயால சொல்றதெல்லாம் செல்லாது. மெயில் போடு."

"போட்டேன் சார். திரும்பி வந்துடுச்சு."

"அப்ப மறுபடி போடு."

அண்ணன் காலில் ஒரு உதை. பெட்டி நிரம்பிவிட்டது, ஒரு தடவை மூட விடுங்கள் என்று நான் சொன்னேன். எனக்கும் ஒன்று. தொக்சு அண்ணன் நொண்டிக்கொண்டே கீழே போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழே அலறல். ஓடினேன். வலது கை மணிக்கட்டு வரை பிரஸ்ஸுக்கு அடியில். அது மேலே எழுந்தபோது கையுறை தகட்டோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கையுறை மட்டுமா – வேண்டாம். போதும்.

மார்ச் 14

ஆஸ்பத்திரி. அண்ணன் மயக்கத்தில். அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

நாம்குங் எல்லோர் முன்னாலும் ஒரு தாளை நீட்டினார். கோப்பைச் சுருக்கச் சொல்லியும் நான் அலட்சியமாக இருந்துவிட்டேனாம்.

"கையெழுத்துப் போடு, பியோ. வேலை போகாம நான் பாத்துக்கறேன்."

மாட்டேன் என்றேன். பூட்ஸ் வந்தது. இந்தத் தடவை காலை இழுத்துக்கொண்டேன். பிறகு நான் உதைத்தேன் – அதே இடத்தில், என் பூட்ஸின் இரும்பு மூக்கால். விழுந்தார். விழுந்த பிறகும் உதைத்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது, அதற்குப் பிறகும். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. எனக்கு நானே எதற்குப் பொய் சொல்ல?

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவருடைய கணினி திறந்தபடியே இருந்தது. மெயிலை மூடினேன். சுருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, போலீஸ் வரட்டும் என்று உட்கார்ந்தேன். அரைநாள் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

சாப்பிடப் போனவர்கள் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. கோப்பு பாதியாகிவிட்டது.

நாம்குங் தினமும் சாப்பிடப் போவார். கணினியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போவார்.

ஏப்ரல் 3, வியாழன்

வேலை போய்விட்டது. அடித்த வழக்கு என் பேரில், கை போன வழக்கு அவர் பேரில்.

தொக்சு அண்ணனிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. இடது கையால் தட்டியிருக்கிறார், எழுத்தெல்லாம் தாறுமாறு. "தம்பி, கால் எப்படி இருக்கு?"

காலையிலிருந்து பதில் எழுதுகிறேன். எழுதி எழுதி அழிக்கிறேன்.