சன்னாசி வித்துவான் ஆனது

பகாவ்
4.4.1943

அன்புள்ள குலாம் பாய்க்கு,

சன்னாசி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ராக்கம்மாவும் மரவள்ளிக்கிழங்கு தின்று சுகமாக இருக்கிறோம். உங்கள் சாப்பாட்டுக்கடை நடக்கிறதா?

பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் லயத்து வீட்டில் விட்டுப்போனீர்களே ஆர்மோனியம், அதனால் வம்பு வந்துவிட்டது. சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்த ஜப்பான் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி மூலம் கேட்டார். பயத்தில், "என்னோடதுதாங்க, நான் வித்துவான்" என்று உளறிவிட்டேன். என்னை லாரியில் ஏற்றவில்லை. ஆனால் மாதக் கடைசியில் அவர்கள் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்கு வாசிக்க வேண்டுமாம்.

எனக்கு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டத்தான் தெரியும். பெட்டியை எந்தப் பக்கம் திறப்பது? உடனே எழுதுங்கள்.

சன்னாசி

தெமியாங், சிரம்பான்
9.4.1943

அன்புத் தம்பி சன்னாசிக்கு,

குலாம் முகம்மதுவின் துஆ. என் பெட்டியை உன்னுடையது என்றதில் வருத்தமில்லை. வித்துவான் என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உஸ்தாதிடம் அத்தனை வருஷம் குட்டு வாங்கிய நானே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

இடது கை துருத்திக்கு, வலது கை கட்டைகளுக்கு. கட்டைகளின் படம் வரைந்திருக்கிறேன். ஸரிகமபதநி ஏறு, இறங்கு, அது போதும். கண்ணை மூடிக்கொள். பாதிப் பேர் அதற்கே தலையாட்டுவார்கள்.

குலாம் முகம்மது

பகாவ்
2.5.1943

அன்புள்ள குலாம் பாய்க்கு,

பயிற்சியைக் கேட்டு, "இதுக்கு சயாமே தேவலாம் லா" என்றாள் ராக்கம்மா. மறுநாள் பக்கத்து வீட்டு மாயாண்டியின் பெயரை அடுத்த லாரிக்கு எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவளே பெட்டியைத் துடைத்து என் முன்னால் வைக்கிறாள்.

விழாவில் கண்ணை மூடி ஏறி இறங்கினேன். திறந்தால் அதிகாரி எதிரே நிற்கிறார். கழுத்து கூசியது. கிராணி மெல்லச் சொன்னார்: "ஒனக்கு ஒண்ணும் ஆகாதுய்யா. அவருக்குக் கத்துக் குடுக்கணுமாம்."

நேற்று முதல் பாடம். என்னைவிட மோசம், பாய். கட்டையைத் தொட்டால் துருத்தியை மறந்துவிடுகிறார். அதைப் பார்த்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது. துருத்திக்குத் தனி ஆள் வைப்பதுதான் வழக்கம் என்று சொல்லி மாயாண்டியைக் கேட்டேன். தாளத்துக்கு, அதே லாரிக்கு எழுதியிருந்த முருகையா. பெட்டி தூக்க, அவனோடு போகவிருந்த ராமசாமி. மூவரையும் லாரியில் ஏற்றவில்லை. மாயாண்டி வீட்டில் இன்று அடுப்பு புகைகிறது.

அடுத்த பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். சண்டை முடியும்வரை அவர் தேறிவிடக்கூடாது.

இன்னொன்று. அதிகாரி அடுத்த வாரம் சிரம்பான் வருகிறார், உங்கள் கடையில்தான் சாப்பிடுவார். கேட்டால், ஆர்மோனியம் நாலு பேர் வாசிக்கிற வாத்தியம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் லயத்து மங்கம்மாவின் புருஷனையும் பிடிக்கப்போவதாகப் பேச்சு.

ஐந்து பேர் என்றே சொல்லுங்கள்.

சன்னாசி