கல்லுக்குள் இருந்த சுறாப் பல்

திங்கள். வெயில், புழுக்கம்.
எழுத்து கோணலாகத்தான் வருகிறது. வரிக்கு மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. யாரும் பார்க்கப்போவதில்லை, இருந்தாலும் மன்னிக்கவும். எழுபது வயதில் கற்றது. ஆனால் என் கை, என் எழுத்து!

எண்ணூர்க் கல் யார்டில் பகல் காவல் வேலை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், மூன்று லாரி. உடைந்த கட்டி ஒன்றில் பளபளவென்று சுறாப் பல். காசிமேட்டில் நாற்பது வருடம் சுறா அறுத்தவன், எனக்குத் தெரியாதா? கல்லுக்குள் எப்படி? டிபன் பாக்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

செவ்வாய். மேகம்.
முதியோர் வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். கோடிக்கணக்கான வருடப் பழசாம். அரியலூர் அப்போது கடலாம். "தாத்தா, இது மனுசனே இல்லாத காலத்துச் சுறா." சந்தோஷம் தாங்கவில்லை. எழுதிப் பார்த்தேன். சுறா. சுறா. சுறா.

புதன். காற்று.
மேரி பல்லைப் பார்த்துவிட்டாள். நாற்பத்தைந்து வருடப் பெண்டாட்டி, இப்படிக் கத்தியதில்லை. "புள்ள கடல்ல கீறான், சுறாப் பல்ல வூட்ல வெச்சிகினு கீறியே! இன்னா மனுசன்யா நீ?"
மறந்தே போனேன். கடலுக்குப் போன ஆள் கரையேறும்வரை சுறாப் பல் வீட்டுக்குள் வரக் கூடாது. அப்பா காலத்து வழக்கம். மகன் சேவியரின் படகு நேற்றே வந்திருக்க வேண்டும்.

வியாழன். மழை. கடல் கறுப்பு.
படகு வரவில்லை. போன் போகவில்லை.
"கடல்ல தூக்கிப் போடுய்யா."
"அவன் கீற எடத்துலயே சுறாவுக்குப் பல்லத் திருப்பிக் குடுக்கச் சொல்றியா?"
அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கல்லோடு கல்லாகப் போட்டுவிட யார்டுக்குப் போனேன். குவியல் இல்லை. லாரி டிரைவர்: "அது காலீலயே சுண்ணாம்புச் சூளைக்குப் பூட்ச்சு நைனா."

வெள்ளி. மழை விட்டது.
மீன்பிடித் துறைமுகத்தில் பலகை. வராத படகுகளின் பெயர்கள். முன்பு யாராவது படித்துச் சொல்வார்கள். இன்று நானே. விரல் வைத்து, எழுத்து எழுத்தாக. மூன்றாவது வரி, எங்கள் படகு.
படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

சனி. வெயில்.
வயர்லெஸ்ஸில் சேதியாம். எஞ்சின் நின்ற படகு ஒன்றை இன்னொரு படகு இழுத்துவருகிறதாம். யார் படகு? சரியாகக் கேட்கவில்லையாம். மேரி கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

பல்லை எறிய மனம் வரவில்லை. வீட்டுக்குள்ளும் விட முடியாது. தெருவில் ஸ்டூல் போட்டு நான், மடியில் டிபன் பாக்ஸ். எதிர்வீட்டுக்காரன்: "இன்னா மாமு, வூட்ல தொரத்திட்டாங்களா?"

அந்தச் சுறாவுக்கு மனிதனையே தெரியாது. சேவியர்மேல் அதற்கு என்ன கோபம்?

இந்த வரி இன்னும் கோணல். அவன் படியேறினால் அடுத்த வாரம் எழுதுகிறேன். இல்லை. ஏறுவான். எழுதுகிறேன்.