கோப்பெங் காரின் எஞ்சின் எண்

ஞாயிறு, இரவு

கோப்பெங்கில் சரசு அக்கா வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய அமெரிக்க வி-எய்ட் காரை இன்று மச்சானோடு போய்ப் பார்த்தேன். அக்காவின் கணவர் இறந்ததிலிருந்து அதை யாரும் ஓட்டவில்லை. உள்ளே இருப்பது ஃபேக்டரியில் வைத்த எஞ்சின்தானா என்பதே என் கவலை. மாற்று எஞ்சின் என்றால் வாங்குவதில்லை என்று முடிவு செய்துதான் போனேன்.

பானெட்டைத் திறந்தோம். கார்பரேட்டர், வயர், ஏர் ஃபில்டர் மூடி எல்லாமே அந்தக் காலத்துச் சாமான். ஆனால் எஞ்சின் எண் அடித்திருக்கும் இடத்தில் மட்டும் மஞ்சளும் பழுப்புமாக ஏதோ தடிப்பாக அப்பியிருந்தது.

மச்சான் என் காதருகே, "பட்டி பூசி நம்பர மறைச்சிருக்காங்க லா. வா, போலாம்," என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஈரத்துணியால் தேய்த்தேன். சந்தனம் மணந்தது.

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் அவரு அங்கதான் பொட்டு வைப்பாரு," என்றார் அக்கா. "பழசத் தொடைக்கவே விடமாட்டாரு."

அடியில் எண் துருப்பிடிக்காமல் இருந்தது. காரின் உடம்பில் அடித்திருந்த எண்ணோடு அப்படியே ஒத்துப்போனது. ஃபேக்டரி எஞ்சின்தான்; வாங்கிக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

அப்புறம்தான் என் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். அவர் வைத்த பொட்டுகளையெல்லாம் துடைத்துவிட்டிருந்தேன். அக்கா உள்ளே போனார். சாமி அறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

"நீங்களே வைங்க தம்பி. இனிமே உங்க காடிதானே. நம்பர் மேல வேணாம், கொஞ்சம் தள்ளி வைங்க."

தள்ளித்தான் வைத்தேன். கார் வாங்கப்போவதை வீட்டில் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.